எலக்ட்ரானை எண்ணிவிட்டு நிறை குறைபாட்டைத் தொடங்குங்கள்

பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் அணுக்கருப் பாடம் ஆண்டின் கடைசிப் பகுதியில்தான் வருகிறது. அதற்குள் திருப்புதல் தேர்வு நெருங்கிவிடும். ஆசிரியருக்கு அவசரம், மாணவருக்கு அலுப்பு. நான்கு சூத்திரங்களை மனப்பாடம் செய்துகொண்டு பலரும் தேர்வுக்குப் போகிறார்கள். தமிழ்வழியில் படித்துத் தேர்வெழுதிய நான் இப்போது மாலை வேளைகளில் பள்ளி மாணவர்களுக்கு இயற்பியல் சொல்லித் தருகிறேன். இந்தப் பாடத்தில் சூத்திரம் தெரியாமல் மதிப்பெண் இழப்பவர்கள் குறைவு. கொடுக்கப்பட்ட நிறை எதனுடையது என்று கேட்காமலே கழிக்கத் தொடங்குபவர்கள்தான் அதிகம்.

அணுக்கருவைத் தனித்தனிப் புரோட்டான்களாகவும் நியூட்ரான்களாகவும் பிரிக்கத் தேவைப்படும் ஆற்றல்தான் பிணைப்பாற்றல். அவற்றின் நிறைகளின் கூட்டுத்தொகைக்கும் அணுக்கருவின் நிறைக்கும் உள்ள வித்தியாசம் நிறை குறைபாடு; அதை ஆற்றலாக மாற்றினால் பிணைப்பாற்றல் கிடைக்கும். ஹீலியம்-4 அணுக்கருவின் பிணைப்பாற்றலை எடுத்துக்கொள்வோம். ஹீலியத்தின் நிறை 4.002603 அணுநிறை அலகு என்று கேள்வியில் இருக்கும். இது அணுவின் நிறை. சுற்றியுள்ள இரண்டு எலக்ட்ரான்களும் இதில் அடக்கம். மாணவர் இரண்டு புரோட்டான் (1.007276), இரண்டு நியூட்ரான் (1.008665) என்று கூட்டி 4.031882 பெறுகிறார். கழித்தால் 0.029279, ஆற்றலாக மாற்றினால் (ஓர் அணுநிறை அலகு 931.5 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்குச் சமம்) ஏறத்தாழ 27.27 மெகா எலக்ட்ரான் வோல்ட். சரியான விடை 28.30. இடையில் உள்ள 1.02 எங்கே போனது? ஓர் எலக்ட்ரானின் நிறைக்குச் சமமான ஆற்றல் 0.511 மெகா எலக்ட்ரான் வோல்ட். ஹீலியத்தின் பக்கத்தில் இருந்த இரண்டு எலக்ட்ரான்கள் கூட்டிய பக்கத்தில் இல்லை, அவ்வளவுதான். புரோட்டானுக்குப் பதிலாக ஹைட்ரஜன் அணுவின் நிறையை (1.007825) எடுத்தால் இரு பக்கமும் எலக்ட்ரான்கள் சமமாகித் தாமாகவே அடிபட்டுப் போகும். வித்தியாசம் 0.030377, விடை 28.30, ஒரு நியூக்ளியானுக்கு (புரோட்டான் அல்லது நியூட்ரான் ஒன்றுக்கு) 7.07. பலவுள் தெரிவு வினாக்களில் 27.3, 28.3 இரண்டையும் அருகருகே வைக்கத் தெரிந்தவர்தான் கேள்வித்தாள் தயாரிப்பார் என்பதையும் மறக்க வேண்டாம்.

பீட்டா பிளஸ் சிதைவில் இதே எலக்ட்ரான் கணக்கு இன்னும் கூர்மையாகக் கடிக்கும். கார்பன்-11 (11.011434) பாசிட்ரானை (எலக்ட்ரானின் நிறையே கொண்ட நேர்மின் துகளை) உமிழ்ந்து போரான்-11 (11.009305) ஆகிறது. அணு நிறைகளைக் கழித்தால் 0.002129 அலகு, அதாவது 1.98 மெகா எலக்ட்ரான் வோல்ட். அதையே விடையாக எழுதினால் தவறு. கார்பன் அணுவில் ஆறு எலக்ட்ரான்கள், போரானில் ஐந்துதான். மிஞ்சிய ஓர் எலக்ட்ரானையும், வெளியேறிய பாசிட்ரானையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இரண்டுக்கும் 1.022 கழித்தால் 0.96 கிடைக்கும். எலக்ட்ரான் வெளியேறும் பீட்டா மைனஸ் சிதைவில் இந்தத் திருத்தம் தேவையில்லை. ஏன் தேவையில்லை என்பதை ஒருமுறை தாளில் நீங்களே எழுதிப் பாருங்கள். பிறகு மனப்பாடம் செய்ய எதுவும் மிச்சமிருக்காது.

இனி கருத்துக்கு வருகிறேன். 'பிளவில் பருப்பொருள் அழிந்து ஆற்றலாகிறது' என்ற வரியைப் படிக்கும் மாணவர்கள், ஒன்றிரண்டு நியூட்ரான்கள் எரிந்துபோவதாகக் கற்பனை செய்துகொள்கிறார்கள். எண்ணிப் பாருங்கள். யுரேனியம்-235 ஒரு நியூட்ரானை விழுங்கி, பேரியம்-141, கிரிப்டான்-92, மூன்று நியூட்ரான்கள் ஆகிறது. முன்பு 236 நியூக்ளியான்கள், பின்பும் 236. ஒன்றுகூடத் தொலையவில்லை. ஆனாலும் மொத்த நிறை 0.186 அலகு குறைந்திருக்கிறது. அவை பிணைந்திருக்கும் விதம் மாறியதுதான் காரணம். தனித்தனி நியூக்ளியான்களின் நிறைகளைக் கூட்டினால் அணுக்கருவின் நிறை வராது. அந்த 0.186 அலகு ஏறக்குறைய 173 மெகா எலக்ட்ரான் வோல்ட். புத்தகத்தில் 200 என்று போட்டிருக்கிறதே என்று கேட்பார்கள். பிளவுத் துண்டுகள் பின்னர் சிதையும்போது வரும் ஆற்றலையும் சேர்த்த தோராய மதிப்பு அது. கேள்வியில் நிறைகளைக் கொடுத்திருந்தால் 173தான் எழுத வேண்டும். '200 என்று கொள்க' என்றால் 200.

துகள் முழுவதும் மறைந்து ஆற்றலாவது வேறு நிகழ்வு. எலக்ட்ரானும் பாசிட்ரானும் மோதி அழிந்து காமாக் கதிர்களாவது அந்த வகை. மறுபுறம், நிறை குறைவது அணுக்கரு வினைக்கு மட்டுமே உரிய அதிசயமும் அல்ல. ஒரு கிலோ நிலக்கரி எரிந்து சுமார் 3 × 10⁷ ஜூல் வெளிவந்தால், அங்கும் ஒரு கிலோவில் ஏறத்தாழ 300 கோடியில் ஒரு பங்கு நிறை குறைகிறது. எந்தத் தராசும் காட்டாது என்பதால் வேதியியல் ஆசிரியர் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

எத்தனை தடவை சொன்னாலும் தடுமாறும் இடம் குறி. நிறைகளைக் கொண்டு ஆற்றல் கணக்கிட்டால் வினைபடு பொருளிலிருந்து விளைபொருளைக் கழிக்க வேண்டும். பிணைப்பாற்றல் கொடுத்தால் தலைகீழ்: விளைபொருளிலிருந்து வினைபடு பொருளைக் கழிக்க வேண்டும். பிணைப்பாற்றல் என்பது அணுக்கருவுக்குள் சேமித்து வைத்த ஆற்றல் என்று நினைப்பதால்தான் இந்தக் குழப்பம். அது கிணற்றின் ஆழம் போன்றது. ஆழமான கிணற்றில் விழுந்தது ஏற்கெனவே அதிக ஆற்றலை வெளியே விட்டிருக்கிறது, திரும்ப மேலே எடுக்க அவ்வளவு செலவாகும். அடிக்கடி கேட்கப்படும் கணக்கு ஒன்று: ஒரு நியூக்ளியானுக்கான பிணைப்பாற்றல் டியூட்ரானுக்கு (ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் சேர்ந்த அணுக்கருவுக்கு) 1.1, ஹீலியத்துக்கு 7 என்றால் இரண்டு டியூட்ரான்கள் இணையும்போது வெளிப்படும் ஆற்றல் எவ்வளவு? 28-இலிருந்து 4.4 போக 23.6. ஒரு டியூட்ரானை மட்டும் கணக்கில் கொண்டு 25.8 என்று எழுதுபவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு.

கணிப்பான் இல்லாத நீட், ஜேஇஇ தேர்வுகளுக்கு ஒரு சிறு உத்தி. 931.5-ஆல் பெருக்குவது என்றால் ஆயிரத்தால் பெருக்கி ஏழு சதவீதத்தைக் குறைப்பது. 0.030377 முதலில் 30.4 ஆகும், ஏழு சதவீதம் போனால் 28.3. விடையைத் தெரிவு செய்ய இது போதும். ஆனால் 931.5 என்ற எண்ணை ஒவ்வொரு முறையும் நீங்களே வருவிக்க முயலாதீர்கள். அணுநிறை அலகுக்கு 1.66 × 10⁻²⁷ கிலோ, ஒளிவேகத்தின் இருமடிக்கு 9 × 10¹⁶, மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு 1.6 × 10⁻¹³ ஜூல் என்று முழுமையாக்கிய எண்களைப் போட்டால் 934 பக்கம் வந்து நிற்கும். பிறகு எங்கே தவறு என்று தேடி நேரம் போகும்.

பயிற்சிக்கு வரலாற்றிலிருந்து ஒரு கணக்கை எடுக்கச் சொல்வது என் வழக்கம். 1932-இல் கேம்பிரிட்ஜில் இயற்பியலாளர்கள் காக்கிராஃப்ட், வால்டன் இருவரும் முடுக்கிய புரோட்டான்களை லித்தியம்மீது செலுத்தினார்கள். லித்தியம்-7 இரண்டு ஆல்பா துகள்களாக, அதாவது ஹீலியம் அணுக்கருக்களாக, உடைந்தது. லித்தியம் 7.016003, ஹைட்ரஜன் 1.007825, கூட்டி, இரண்டு ஹீலியம் நிறைகளைக் கழித்தால் 0.018622. ஏழு சதவீத உத்தியில் 17.3, சரியாகப் பெருக்கினால் 17.35 மெகா எலக்ட்ரான் வோல்ட். அந்த ஆல்பா துகள்களின் ஆற்றலை அளந்தபோது கிடைத்ததும் ஏறத்தாழ இதுதான். 1905-இல் ஐன்ஸ்டைன் எழுதிய நிறை-ஆற்றல் சமன்பாட்டுக்கு (E = mc²) அணுக்கரு வினையில் கிடைத்த முதல் நேரடிச் சோதனை அது. 1938 கிறிஸ்துமஸ் சமயத்தில் சுவீடனில் இயற்பியலாளர் லீஸா மைட்னர், யுரேனியப் பிளவுக்கு 200 மெகா எலக்ட்ரான் வோல்ட் வரும் என்று மதிப்பிட்டதும் இதே கழித்தலால்தான்: குறையும் நிறை புரோட்டான் நிறையில் ஐந்தில் ஒரு பங்கு.

ஒரு கிலோ யுரேனியம்-235 முழுவதும் பிளவுற்றால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 8.2 × 10¹³ ஜூல். இதைக் கேட்டால் ஒரு கிலோவை ஒளிவேகத்தின் இருமடியால் பெருக்கி 9 × 10¹⁶ என்று எழுதிவிடுகிறார்கள். ஆயிரம் மடங்கு அதிகம். உண்மையில் ஆற்றலாகக் கணக்கில் வருவது அந்த ஒரு கிலோவில் 0.9 கிராம்தான். ஒரு முழு கிராம் மாறினால் 2.5 கோடி யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் வரும் என்பதால், இந்த 0.9-ஐச் சிறியது என்று சொல்ல முடியாது.

அரை ஆயுட்காலக் கணக்குகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பத்து கணக்கு போட்டால் கை பழகிவிடும். அணுக்கருவின் அடர்த்தி நிறை எண்ணைச் சார்ந்ததல்ல என்பதை மட்டும் சூத்திரத்திலிருந்து வருவித்துப் பாருங்கள், ஒரு மதிப்பெண் வினாவாக வரும்.

இதைப் படித்து முடித்ததும் கார்பன்-12-இன் பிணைப்பாற்றலைப் போட்டுப் பாருங்கள். அணுவின் நிறை சரியாக 12, தசமம் கிடையாது. 92.2 வந்தால் எலக்ட்ரான்களை ஒழுங்காக எண்ணியிருக்கிறீர்கள். 89.1 வந்தால் ஆறு எலக்ட்ரான்கள் எங்கோ விடுபட்டிருக்கின்றன.