ராத்திரி இரண்டு மணி இருமல்

போன வருஷம் ஆடி மாதம் தொடங்கிய இருமல். பகலில் பட்டறையில் ரம்பம் ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. ராத்திரி ஒரு மணி, இரண்டு மணி ஆனால் நெஞ்சு இறுக ஆரம்பிக்கும். சளி வராத வறட்டு இருமல், கூடவே விசில் அடிப்பது போல மூச்சு. படுக்கவே முடியாது. தலையணையை மடியில் வைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, விடியும்வரை உட்கார்ந்திருப்பேன். தைலம் தேய்த்துத் தேய்த்து மனைவியின் கைதான் எரிந்தது.

எங்கள் வீடு கடலூர் முதுநகரில். தச்சு வேலை என்பதால் மரத்தூள்தான் காரணம் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டோம். முதலில் பார்த்த டாக்டரும் ஆஸ்துமா என்று சொல்லி இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். இரண்டு மாதம் இழுத்தேன். கொஞ்சம் லேசாகும், மறுபடியும் அதே பாடு. ஐப்பசியில் எக்ஸ்ரே எடுத்தபோது இரண்டு நுரையீரலிலும் பொடிப்பொடியாகப் புள்ளிகள். டிபியாக இருக்கலாம் என்றார்கள். மகளைப் பக்கத்தில் படுக்க விடாமல் தாழ்வாரத்துக்குப் பாயை எடுத்துப் போனேன். சளிச் சோதனையில் டிபி கிருமி இல்லை என்று வந்தது. ஆனாலும் இருமல் போகவில்லை. அறுபது கிலோ இருந்தவன் 52 கிலோவுக்கு இறங்கியிருந்தேன்.

புதுச்சேரியில் இருக்கும் மாமா பிடிவாதமாக ஜிப்மருக்கு வரச் சொன்னார். முதல் பஸ் பிடித்துப் போய்ச் சீட்டுப் போட்டு உட்கார்ந்தேன். பார்த்தது ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. "ராத்திரி மட்டும்தான் அதிகமா?" என்று கேட்டார். அப்புறம், "உங்க வீட்டில், தெருவில் யாருக்காவது யானைக்கால் இருக்கா?" என்றார்.

எங்கள் ஆயாவுக்கு இருந்தது. இருமலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை.

ரத்தச் சோதனையில் வெள்ளையணு 16,400. அதில் 58 சதவீதம் ஈசினோபில் என்ற வகை அணு. கணக்குப் போட்டால் 9,500க்கு மேல். சாதாரணமாக 500க்குள் இருக்க வேண்டியது. எங்கள் ஊரில் தும்மல், தூசி அலர்ஜி எல்லாவற்றையும் 'ஈஸ்னோபீலியா' என்று சொல்லிவிடுவோம். ஆனால் 3,000ஐத் தாண்டினால் டாக்டர்கள் வேறு மாதிரி யோசிப்பார்களாம். ஐஜிஇ என்ற எதிர்ப்புப் பொருளும் பல மடங்கு ஏறியிருந்தது. குடல் புழு இருக்கிறதா என்று மலமும் சோதித்தார்கள், இல்லை. யானைக்கால் புழுவுக்கு எதிரான ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் பொருள் மட்டும் தெளிவாக இருந்தது.

அன்று ராத்திரி பத்தரை மணிக்கு மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். யானைக்கால் புழுவின் குட்டிகள் பகலெல்லாம் நுரையீரலின் ரத்தக் குழாய்களில் பதுங்கிக் கிடந்து, ராத்திரி பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை வெளி ரத்தத்துக்கு வரும். அவற்றைச் சுமக்கும் கியூலெக்ஸ் கொசு கடிப்பதும் ராத்திரியில்தான். என் ரத்தத்தில் ஒரு குட்டிகூட இல்லை.

"அப்போ எனக்கு அந்த நோய் இல்லையா?" என்று கேட்டேன். இருக்கிறது, உங்கள் உடம்பு அவற்றை வெளியே வரவே விடவில்லை என்றார். அவர் சொன்னதையும் அப்புறம் நானாகத் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த இடம்தான் என்னை உலுக்கிவிட்டது.

புழு ஒன்றுதான், அதை எதிர்கொள்கிற விதம்தான் உடம்புக்கு உடம்பு வேறு. சிலர் ரத்தத்தில் குட்டிகள் நிறைய ஓடும், ஆனால் ஒரு தொந்தரவும் இருக்காது. புழு அவர்களின் எதிர்ப்பு சக்தியைத் தணித்து வைத்துவிடுகிறது. அவர்களுக்கே தெரியாமல் கொசு வழியாக மற்றவர்களுக்குப் பரவும். ஆயாவைப் போன்றவர்களுக்கு வளர்ந்த புழு நிணநீர்க் குழாய்களில் வருஷக்கணக்கில் தங்கி அவற்றைக் கெடுத்துவிடும். என்னைப் போலச் சிலருக்கு எதிர்ப்பு சக்தி அளவுக்கு மீறிப் பாயும். ஆன்டிபாடி ஒட்டிய குட்டிகள் நுரையீரலிலேயே சிக்கிக்கொள்ளும். ஈசினோபில் அணுக்கள் கூட்டமாக வந்து, புழுவைக் கொல்ல வைத்திருக்கும் நச்சுப் பொருளைக் கொட்டும். அது நுரையீரல் சதையையும் சேர்த்துப் புண்ணாக்கும். நாலு மாதம் என்னை உட்கார வைத்தது என் சொந்த ரத்த அணுக்கள்தான். கவனிக்காமல் விட்டால் நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகுமாம்.

டிபி என்று மயங்குவதும் புதிதில்லை. ஆந்திராவின் மதனப்பள்ளியில் இருந்த டிபி ஆஸ்பத்திரி டாக்டர்கள் 1940இலேயே, டிபி போலத் தெரிகிற, ஈசினோபில் ஏறிய நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். 1943இல்தான் எனக்கு வந்த இந்த நோய்க்கு 'டிராபிகல் ஈசினோபீலியா' என்ற பெயர் வந்தது.

மருந்து டிஇசி. சுகாதார ஊழியர்கள் வீடு வீடாக வந்து கொடுத்த அதே யானைக்கால் மாத்திரை. ஒவ்வொரு தடவையும் வாங்கி ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு மறந்துபோனவன் நான். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது. என் எடைக்கு 100 மில்லிகிராம் மாத்திரை, வேளைக்கு ஒன்று, மூன்று வேளை, 21 நாள். முதல் மூன்று நாள் தலைவலி, லேசான காய்ச்சல், குமட்டல். புழு சாகும்போது உடம்பு காட்டுகிற எதிர்ப்பு, பயப்படாதீர்கள் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். சாப்பிட்டுவிட்டுப் போட்டால் குமட்டல் குறைந்தது. ஐந்தாம் நாள் ராத்திரி மூன்று மணிக்கு விழித்தேன். விசில் சத்தம் இல்லை. மனைவி எழுந்து என் மூக்கருகே கை வைத்துப் பார்த்தாள்.

இருமல் நின்றதும் பத்தாம் நாளோடு மாத்திரையை விட்டுவிடலாமா என்று தோன்றியது. விடவில்லை. நல்லவேளை. சிலருக்குத் திரும்ப வரும், முழுசாக முடித்து அப்புறமும் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். முடித்த பிறகு எடுத்ததில் ஈசினோபில் எண்ணிக்கை 1,100. மூன்று மாதம் கழித்து 420.

ஆயா போய் ஆறு வருஷமாகிறது. சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து, வீங்கிய காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, பழைய வேட்டித் துணியால் விரல் இடுக்கெல்லாம் ஒற்றி ஒற்றித் துடைப்பார். ஒருநாள் விட்டாலும் இடுக்கில் வெடிப்பு விழும், அது வழியாகக் கிருமி நுழையும், தொடையில் நெறி கட்டும், குளிர் காய்ச்சல் தூக்கிப் போடும். எதற்கு இவ்வளவு பாடு என்று சின்ன வயசில் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். அன்றைக்குக் கால் நீட்டியிருந்த திண்ணைக்குக் கீழேதான் அந்தக் கொசு பெருகும் சாக்கடை ஓடியது. இன்றும் மூடி போடாமல்தான் ஓடுகிறது. பங்குனியில் நானும் பட்டறைப் பையன்களும் பலகை வெட்டி எங்கள் வீட்டு வாசல் அளவுக்கு மூடினோம். பக்கத்து வீட்டு அண்ணன் தன் வாசலுக்கும் அளவு எடுக்கச் சொல்லியிருக்கிறார்.