எட்டாம் எண்ணில் இரண்டு நாள்

சிங்கப்பூரில், ஊபியில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்த்தபோது, பழைய பயாஸ் (கணினியை முதலில் எழுப்பும் நிரல்) உள்ள எக்ஸ்86 போர்டு ஒன்றுக்கு நாங்களே சிறு கர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, எழுதிக்கொண்டிருந்தோம். பூட் ஆகும்போது இன்டரப்ட்களுக்கு (சிபியுவைக் குறுக்கிட்டு அழைக்கும் சிக்னல்கள்) ஏற்பாடு செய்யும் பகுதி என் தலையில் விழுந்தது. எந்த எண் இன்டரப்ட்டுக்கு எந்த ஹேண்ட்லர் நிரல் ஓட வேண்டும் என்று சொல்லும் ஐடிடி அட்டவணையில் 256 இடம், 64 பிட்டில் ஒவ்வொன்றுக்கும் 16 பைட், மொத்தம் சரியாக 4096. நிரப்பினேன், ஏற்றினேன், இன்டரப்ட்களைத் திறந்துவிடும் எஸ்டிஐ கட்டளையைக் கொடுத்தேன். திரையில் டபுள் ஃபால்ட்: ஒரு கோளாறைக் கையாளப் போகும்போதே இன்னொரு கோளாறு.

எங்கள் கோளாறு அறிக்கை அச்சடித்த முகவரி 8. யாரோ பாழாய்ப்போன ஃபங்ஷன் பாயின்டர் வழியாக எட்டாம் முகவரிக்குத் தாவிவிட்டார்கள் என்று முடிவுகட்டி (யாரோ என்ன, நான்தான்) இரண்டு நாள் பாயின்டர் பாயின்டராகத் தேடினேன். ஸ்டாக்கைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கணினியைப் போல நடிக்கும் மென்பொருளான கியூஎமுவில் ஓட்டினாலும் அதே 8.

மூன்றாம் நாள் காலை கோப்பிக்கடையிலிருந்து கோப்பி ஓ பாக்கெட்டோடு வந்த சீனியர் அண்ணன், என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "டபுள் ஃபால்ட்டுக்கு எரர் கோட் எப்பவும் சைபர்தானே தம்பி, உனக்கு ஏன் இவ்ளோ பெரிய நம்பர்?"

எரர் கோட் என்பது சில கோளாறுகளோடு சேர்த்து சிபியு ஸ்டாக்கில் தள்ளும் எண். அறிக்கையில் இருந்த அந்த எண்ணை நான் ஒரு தடவைகூட உருப்படியாகப் பார்க்கவில்லை. ஒரு மெகாபைட்டைத் தாண்டிய ஏதோ எண். எங்கள் கர்னல் ஏறி உட்கார்ந்திருந்ததும் அங்கேதான். கர்னலின் இயந்திரக் கட்டளைகளைக் காட்டும் டிஸ்அசெம்ப்ளியில் தேடினால், இன்டரப்ட் வரும்வரை சிபியுவை நிறுத்தி வைக்கும் ஹால்ட்டுக்கு அடுத்த வரி! அப்புறம் எல்லாம் விளங்கியது. வந்தது டபுள் ஃபால்ட்டே இல்லை, டைமர். வெளியிலிருந்து வரும் இன்டரப்ட்டுக்கு சிபியு எரர் கோட் தள்ளாது, என் ஹேண்ட்லரோ ஒன்று இருப்பதாக நம்பி எல்லாவற்றையும் ஓரிடம் தள்ளிப் படித்திருக்கிறது. திரும்ப வேண்டிய முகவரி எரர் கோட் ஆகிவிட்டது, முகவரி என்று நான் துரத்திய 8 எங்கள் கோட் செக்மென்ட் எண்.

முதல் 32 இன்டரப்ட் எண்களை இன்டெல் தனக்கென்று ஒதுக்கி வைத்திருந்தும், 1981இல் வந்த ஐபிஎம் பிசி வன்பொருள் இன்டரப்ட்களை, டைமரில் தொடங்கி, 8இலிருந்து 15 வரை உட்கார வைத்தது. அடுத்த வருஷம் 80286 வந்தபோது அதே 8 டபுள் ஃபால்ட் ஆனது. அதனால்தான் இப்படிப்பட்ட போர்டில் ஓடும் கர்னல் எஸ்டிஐக்கு முன்னால், வன்பொருள் இன்டரப்ட்களை சிபியுவுக்கு அனுப்பும் 8259 சிப் இரண்டையும் பெரும்பாலும் 32, 40 என்று இடம் மாற்றி வைக்கும். மாற்றும் நிரல் வரிகள் என்னிடமும் இருந்தன. சீக்கிரம் டெஸ்ட் பண்ணலாமே என்று எஸ்டிஐயையும் ஹால்ட்டையும் அதற்கு மேலே ஏற்றிவிட்டிருந்தேன், அவ்வளவுதான்.

கீழே இறக்கினேன். டைமரின் ஒரு டிக்குக்கு ஒரு புள்ளி அச்சடிக்கச் சொல்லியிருந்தேன், ஒரே ஒரு புள்ளி வந்து நின்றுவிட்டது. இந்தத் தடவை அண்ணன் வரவில்லை, நானே கண்டுபிடித்தேன்: வேலை முடிந்தது என்று 8259க்குச் சொல்லாவிட்டால் அது அடுத்ததை அனுப்பாது. அந்தச் சிப்பின் போர்ட் 32இல் 32 என்று எழுதும் ஒரு வரி. அதைச் சேர்த்ததும் புள்ளிகள் மளமளவென்று ஓடின.

டைமர் நொடிக்கு சுமார் 18.2 டிக் அடிக்க வேண்டும். அண்ணன் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு பத்து நொடி எண்ணினார். "நூத்தி எண்பத்திரெண்டு. சரியாத்தான் இருக்கு லா," என்று சொல்லிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பினார்.