அம்மாவின் சைக்கிளில் அடையாறு வரை

மாட்டுக்கொட்டகைச் சுவரில் மூன்று வருடமாகச் சாய்ந்து கிடந்த சைக்கிளை பிப்ரவரி முதல் வாரம் வெளியே எடுத்தேன். பார் வைத்த ஆம்பளை சைக்கிள். ஆனால் அம்மாவுடையது. அறிவொளி இயக்கம் புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் சொல்லிக்கொடுத்த காலத்தில், 1992-இல், பள்ளிக்கூட மைதானத்தில் விழுந்து எழுந்து பழகியவள். அப்போது கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடே வந்துவிட்டது. அம்மாவுக்கு அதில் வருத்தம் கிடையாது. பார் இருந்தால்தானே பிள்ளையை முன்னால் உட்காரவைக்கலாம் என்பாள். அந்தப் பாரில் துண்டைச் சுற்றி உட்காரவைத்த பிள்ளை நான்தான்.

அம்மா மார்பகப் புற்றுநோயில் போனாள். வலிக்காத கட்டிதானே என்று ஏழு மாதம் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. அதற்கப்புறம் ஒன்றரை வருடம் அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு நைட் பஸ்ஸில் போய்ப் போய் வந்தோம். அதை நிறுவிய முத்துலட்சுமி ரெட்டி எங்கள் ஊர்க்காரர். 1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தவர். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துக்கம்தான் அவரை இந்த வேலையில் இறக்கியது. 1954-இல் 12 படுக்கைகளோடு ஆரம்பித்த இடம் அது. வரிசையில் காத்திருந்த ஒரு மத்தியானம் அம்மாவிடம் இதைச் சொன்னேன். "நம்ம ஊர்க்காரங்களா? அப்பக் கூச்சப்படாமக் கேக்கலாம்" என்று எழுந்துபோய், தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று விசாரித்துவிட்டு வந்தாள்.

சரி, ஜூலை 30 அன்று இந்தச் சைக்கிளிலேயே அங்கே போய் இறங்குவது, போகிற பேரில் கொஞ்சம் பணம் திரட்டிக் கொடுப்பது. திட்டம் அவ்வளவுதான். ஏறக்குறைய 390 கிலோமீட்டர்.

மெக்கானிக் அண்ணன் பெடலை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "மெட்ராஸுக்கா? கியர் வண்டி ஒண்ணு வாங்கிக்க தம்பி. இது இருபது கிலோ இரும்பு." சொன்னாரே தவிர, அன்றைக்கே ஓவராயிலுக்குப் பிரித்துப் போட்டுவிட்டார். பால்ரஸ், செயின், ஃப்ரீவீல், இரண்டு டயர், டியூப் எல்லாம் புதுசு. சாமான் 3,150 ரூபாய். கூலி வாங்க மறுத்துவிட்டார்.

முதல் ஓட்டம் நார்த்தாமலை வரை. திரும்பி வந்து இறங்கியபோது தொடை நடுங்கியது. மார்ச்சில் திருமயம் போய்வர 40 கிலோமீட்டர், வாரம் மூன்று நாள். தொடை பழகிவிட்டது, முட்டிதான் தகராறு செய்தது. காரணம் எனக்குத் தெரியும். சீட்டு அம்மாவின் உயரத்துக்கு இருந்தது. பெடல் கீழே போகும்போது கால் கிட்டத்தட்ட நீள வேண்டும். எனக்கோ முட்டி நெஞ்சுக்கு வந்தது. ஏற்றிவைக்க மனசு வரவில்லை. மூன்று வாரம் வலியோடு ஓட்டிவிட்டுக் கடைசியில் ஸ்பேனரை எடுத்தேன். சீட்டுக் கம்பி மேலே வந்தபோது, இத்தனை வருடம் குழாய்க்குள் இருந்த பகுதி பளபளவென்று இருந்தது. அதற்கு மேலே வளையமாக ஒரு துருக்கோடு. நாலு விரற்கடை ஏற்றினேன். ஒரே வாரத்தில் முட்டி வலி போயிற்று.

அக்னி நட்சத்திரத்தில் விடியற்காலை நாலரைக்கே கிளம்பிவிடுவேன். ஜூனில் ஒரு ஞாயிறு திருச்சி போய்வந்தேன். நூறைத் தாண்டிய முதல் ஓட்டம். மறுநாள் ஆபீஸில் நின்றுகொண்டே வேலை பார்த்தேன்.

பணம் கேட்பது சைக்கிள் மிதிப்பதைவிடக் கஷ்டம். கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் என்று விளக்கிப் பார்த்தேன், சொந்தக்காரர்கள் முழித்தார்கள். சித்தப்பாதான் வழி சொன்னார். "மொய் நோட்டுப் போடுறா." ஆடியில் கீரமங்கலம், வடகாடு பக்கமெல்லாம் மொய் விருந்து நடக்கிற ஊர் எங்களுடையது; நோட்டைப் பார்த்தால் கை தானாகப் பைக்குப் போகும். அத்தை 500 எழுதிவிட்டு, "இது திருப்பிச் செய்யாத மொய்யி, தெரியும்ல?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். வரிவிலக்கு கேட்டவர்களை மட்டும் நேராக மருத்துவமனைக் கணக்கிலேயே போடச் சொல்லிவிட்டேன். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்த விலக்கு கிடைக்காது. இதை ஒரு மாமாவுக்குப் புரியவைக்க இரண்டு சாயங்காலம் போயிற்று.

ஜூலை 27 கிளம்பினேன். ஆடிக்காற்று பின்னாலிருந்து தள்ளும் என்று கணக்குப் போட்டிருந்தேன். தப்புக்கணக்கு. கொள்ளிடம் பாலத்தில் ஏறியதுமே இடது பக்கத்திலிருந்து அறைந்தது. பெரம்பலூர் வரை அப்படியே. நாம் ஓட்டுவது ரோட்டின் இடது ஓரம், காற்று தள்ளுவதோ வலப்பக்கம், லாரி போகிற பக்கம். லாரி ஒட்டிக் கடக்கும்போது ஒரு கணம் அது உள்ளே இழுக்கும். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துப் பிடித்து ராத்திரி சோற்றைப் பிசைய விரல் மடங்கவில்லை.

இரண்டாம் நாள் தொழுதூர் தாண்டியதும் இடது பெடலில் டக், டக் என்று சத்தம். பெடல் தண்டை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் கட்டர் பின் தளர்ந்துவிட்டது. தள்ளிக்கொண்டே போனேன். ஒரு வெல்டிங் பட்டறைப் பெரியவர் பின்னைச் சுத்தியலால் இறக்கி, நட்டை முறுக்கிக் கொடுத்தார். எங்கே போகிறேன் என்று கேட்டார், சொன்னேன். மொய் நோட்டை வாங்கி, பெயர் எழுதாமல் "தொழுதூர் 50" என்று மட்டும் எழுதினார்.

இந்த ரோட்டை நான் பகலில் சரியாகப் பார்த்ததே இல்லை. அம்மாவோடு போனதெல்லாம் ராத்திரியில்தான். நடுவில் அரளி இவ்வளவு பூத்துக்கிடப்பதே இப்போதுதான் தெரிகிறது. மூன்றாம் நாள் விழுப்புரம் தாண்டி, எங்கள் பஸ் வழக்கமாக நிற்கும் ஓட்டல் வந்தது. அங்கே நான் மட்டும் இறங்குவேன். கழிவறை நாறும் என்று அம்மா தண்ணீர்கூடக் குடிக்காமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். ஒரு டீ சொன்னேன். வாயில் வைக்கவில்லை. காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

ராத்திரி மேல்மருவத்தூரில் தங்கல். 30-ஆம் தேதி தாம்பரத்திலிருந்து டிராஃபிக்கில் ஊர்ந்து ஊர்ந்து, மத்தியானம் ஒன்றரைக்கு அடையாறு. வாசலில் காவலர், "சைக்கிளை ஓரமா விடுங்க சார், ஆம்புலன்ஸ் வரும்" என்றார். விட்டேன். நோட்டில் வந்தது 61,350. ரசீதுக்கு அம்மா பெயரைச் சொன்னபோது இனிஷியல் கேட்டார்கள். சட்டென்று வாயில் வரவில்லை.

சைக்கிள் பார்சல் லாரியில் நாலு நாள் கழித்து வந்தது, பின் மட்கார்டு நசுங்கி. அக்கா மகள் எட்டாம் வகுப்பு. ஓட்டிப் பார்க்கிறேன் என்று நின்றாள். சீட்டை இறக்கினேன். துருக்கோடு குழாய்க்குள் மறைந்து இன்னும் ஒரு விரற்கடை இறங்கியது. இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, இடது பெடல் ஆடுகிறது என்றாள். அந்தக் கட்டர் பின்னை இந்த ஞாயிறு மாற்றிவிட வேண்டும்.