நெய்ம் ப்ரீஆம்ப்புக்கு 24 வோல்ட்: பவர் சப்ளை இல்லாமல் கைக்கு வந்த பெட்டி

இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் தயாரான நெய்ம் கம்பெனியின் பழைய ப்ரீஆம்ப்களை (ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்ப்புக்கு முன்னால் வால்யூமைப் பார்த்துக்கொள்ளும் பெட்டிகள்; மாடல்கள் என்ஏசி 42, 62, 72) செகண்ட் ஹேண்டில் தனியாக வாங்குபவர்கள் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்ததும் குழம்புவது ஒரே இடத்தில்தான்: கரண்ட் ஒயர் எங்கே? அது தொலைந்துபோகவில்லை, எப்போதும் இருந்ததே இல்லை. இந்தப் பெட்டிகளுக்குள் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. அதே கம்பெனியின் 110, 140 போன்ற பவர் ஆம்ப்புகள் தங்களுக்குள்ளிருந்தே 24 வோல்ட் டிசி எடுத்து, பாட்டு போகும் அதே டின் (DIN, பல பின்கள் உள்ள வட்டப் பிளக்) கேபிள் வழியாக ப்ரீஆம்ப்புக்கு அனுப்பும். 250, 135 ஆகியவை அதையும் செய்யாது. அவற்றுடன் சேர்க்க ஸ்நாப்ஸ், பிறகு ஹைகேப் என்று தனிப் பெட்டிகளை விற்றார்கள். ஆக, வேறு கம்பெனி பவர் ஆம்ப் வைத்திருப்பவருக்கு ஒரு 24 வோல்ட் சப்ளை கட்டாயம்.

அசல் ஹைகேப் நல்ல நிலையில், நியாயமான விலையில் கிடைத்தால் வாங்கிவிடலாம். வாங்கும்முன் பின்பக்கத்தில் எழுதியிருக்கும் மெயின்ஸ் வோல்ட்டேஜைப் பாருங்கள். அமெரிக்காவுக்குப் போன 120 வோல்ட் பெட்டியை நம் 230இல் செருகினால் நல்ல காலம் இருந்தால் ஃப்யூஸ் போகும், இல்லையென்றால் டிரான்ஸ்ஃபார்மர் போகும். இதையெல்லாம் தேடி அலைய வேண்டாம் என்பவர்களுக்கு, ஹைகேப்புக்குள் இருப்பதும் எல்எம் 317 வகை ரெகுலேட்டர்தான் (வோல்ட்டேஜை ஒரே அளவில் நிறுத்தும் ஐசி). அதை நாமே கட்டலாம்.

முதலில் எதைச் செருகக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். "24 வோல்ட்" என்று எழுதிய அடாப்டரெல்லாம் ஒன்றல்ல. "24 வோல்ட் ஏசி" அடாப்டர்கள் உண்டு. அதை டிசி கேட்கும் பெட்டிக்குக் கொடுத்தால் ஒவ்வொரு சைக்கிளிலும் பாதி நேரம் கெப்பாசிட்டர்கள் தலைகீழ் வோல்ட்டேஜ் வாங்கும். ரெகுலேட்டர் இல்லாத பழைய டிசி அடாப்டரில் 24 என்பது முழு லோடில் வரும் அளவு. ப்ரீஆம்ப் இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு என்பதால் அதே அடாப்டர் 30 வோல்ட்டுக்கு மேலே நிற்கும், 100 ஹெர்ட்ஸ் ரிப்பிளும் (டிசியில் மிச்சமிருக்கும் அலை) சேர்ந்து வரும். சிசிடிவி, எல்ஈடி பட்டைகளுக்கு விற்கும் 24 வோல்ட் எஸ்எம்பிஎஸ் (வேகமாக ஸ்விட்ச் செய்து வோல்ட்டேஜை மாற்றும் சப்ளை) வோல்ட்டேஜைச் சரியாகக் கொடுக்கும். ஆனால் அதன் பிரைமரிக்கும் செகண்டரிக்கும் இடையே உள்ள சிறு கெப்பாசிட்டர் வழியாக மெயின்ஸின் கசிவு ப்ரீஆம்ப்பின் கிரவுண்டுக்கு வந்து சேரும். சேஸியை விரல் நுனியால் தடவினால் சுர்ரென்று இருப்பது அதனால்தான். ரெக்கார்டு பிளேயருக்கான போனோ இன்புட்டில் அது இரைச்சலாகக் கேட்கும். பெட்டி உயிரோடு இருக்கிறதா என்று ஒரு நாள் சோதிக்க எஸ்எம்பிஎஸ் போதும், ரெக்கார்டு கேட்கப் போதாது.

போலாரிட்டி மாறினால் மன்னிப்பே இல்லை. இந்தப் போர்டுகளில் சொட்டு வடிவ டான்டலம் கெப்பாசிட்டர்கள் நிறைய. தலைகீழாக வோல்ட்டேஜ் வந்தால் டான்டலம் ஷார்ட் ஆகும், சில நேரம் எரியும். அதனால் எந்தப் பின்னில் பிளஸ் என்பதை படத்தை நம்பி முடிவு செய்யாமல் மீட்டரை வைத்துப் பாருங்கள். மூடியைக் கழற்றி, மீட்டரை கன்டினியூட்டியில் வைத்து, ஒரு முனையை இன்புட் சாக்கெட்டின் கிரவுண்டில் வைத்தால் டின் சாக்கெட்டில் எந்தப் பின் 0 வோல்ட் என்று தெரியும். பிறகு போர்டுக்கு சப்ளை வரும் இடத்திலுள்ள எலக்ட்ரோலைட்டிக்கின் பிளஸ் காலிலிருந்து பின்களைத் தேடுங்கள். நேரடியாகக் காட்டலாம், இடையில் சிறிய ரெசிஸ்டர் இருந்தால் சில பத்து ஓம்கள் காட்டலாம். மீதிப் பின்களில் இடது, வலது பாட்டு.

டின் பிளக்கில் இன்னொரு கண்ணி உண்டு. ஐந்து பின் உள்ள 180 டிகிரி வகையில் எண்கள் வரிசையாகப் போகாது; ஒரு ஓரத்திலிருந்து 1, 4, 2, 5, 3 என்று வரும். சாக்கெட்டை முன்னாலிருந்து பார்ப்பதும் பிளக்கை சால்டர் பக்கமிருந்து பார்ப்பதும் ஒரே வரிசை. பிளக்கை முன்னாலிருந்து பார்த்தால் அது கண்ணாடி பிம்பம். 240 டிகிரி ஐந்து பின் என்று வேறொரு வகையும் இருக்கிறது, இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. கடைக்குப் போகும்போது சாக்கெட்டை நேராகப் படமெடுத்துக்கொண்டு போவது நல்லது.

இனி சப்ளை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ உங்கள் ஊர் ஸ்பேர்ஸ் கடையிலோ 24-0-24, 1 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் கேளுங்கள். நடு டேப்பை 0 வோல்ட்டாக வைத்து இரண்டு ஓரங்களிலும் ஒவ்வொரு டயோடு (1என் 5404 தாராளம்), அங்கிருந்து 4700 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். 24ஐ 1.414ஆல் பெருக்கி டயோடுக்கு 0.7 கழித்தால் 33 வோல்ட் டிசி. ஆனால் அது காகிதக் கணக்கு. லோடு குறைவாக இருக்கும்போது செகண்டரி பத்து சதவீதம் கூடுதலாகக் காட்டும், ராத்திரி மெயின்ஸ் 250ஐத் தொடும், இரண்டும் சேர்ந்தால் 40 வோல்ட்டுக்கு வந்துவிடும். அங்கே 35 வோல்ட் கெப்பாசிட்டர் போட்டால் வெடிக்கும். 63 வோல்ட் போடுங்கள். மறுபுறம், எல்எம் 317க்கு அவுட்புட்டைவிட 3 வோல்ட்டாவது கூடுதலாக இன்புட்டில் வேண்டும், அதாவது 27. மெயின்ஸ் 190க்குக் கீழே இறங்கினால் இந்த டிரான்ஸ்ஃபார்மரால் அதைத் தர முடியாது. சாயங்காலம் மட்டும் ஹம் (ஸ்பீக்கரில் ம்ம்ம் என்ற சத்தம்) வருகிறது, காலையில் இல்லை என்று யாராவது சொன்னால் முதலில் மெயின்ஸை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அதற்காக 30 வோல்ட் செகண்டரிக்குத் தாவ வேண்டாம். எல்எம் 317இன் இன்புட்டுக்கும் அவுட்புட்டுக்கும் நடுவே 40 வோல்ட்தான் எல்லை, ஆன் செய்யும் கணத்தில் அவுட்புட் பூஜ்ஜியத்தில் இருக்கும்.

ரெகுலேட்டரில் அவுட்டுக்கும் அட்ஜஸ்டுக்கும் இடையே 120 ஓம், அட்ஜஸ்டிலிருந்து 0 வோல்ட்டுக்கு 2.2 கிலோ ஓம். இரண்டும் ஒரு சதவீத மெட்டல் ஃபிலிம். 1.25 × (1 + 2200/120) என்றால் 24.17, அட்ஜஸ்ட் காலில் ஓடும் 50 மைக்ரோஆம்பியர் இன்னும் 0.1 சேர்க்கும். 24.3 வோல்ட் என்பது சரியான இடம், டிரிம்மர் பொட் தேவையில்லை. டிரிம்மரின் கான்டாக்ட் ஒரு நாள் விட்டுப்போனால் அவுட்புட் நேராக 35ஐ நோக்கி ஏறும். பல படங்களில் 240 ஓம் என்று இருக்கும். 317 நிலையாக நிற்க 10 மில்லிஆம்பியர் வரை லோடு கேட்கலாம், 120 ஓமே அதைக் கொடுத்துவிடும்.

அட்ஜஸ்டிலிருந்து 0 வோல்ட்டுக்கு 10 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்று போடுங்கள். இந்தச் சின்னப் பொருள் ரிப்பிளை 65 டெசிபலிலிருந்து 80 டெசிபல் அளவுக்கு அடக்கும்; ஆடியோவுக்காகச் செய்யும் மாற்றங்களில் இதைவிட மலிவானது எதுவும் இல்லை. கெப்பாசிட்டர் சேர்த்தால் டயோடும் சேர்க்க வேண்டும்: 1என் 4002 ஒன்று அட்ஜஸ்டிலிருந்து அவுட்டுக்கு, இன்னொன்று அவுட்டிலிருந்து இன்னுக்கு, வெள்ளைக் கோடு முறையே அவுட், இன் பக்கம். ஆஃப் செய்யும்போது கெப்பாசிட்டர்களில் மிச்சமிருக்கும் சார்ஜ் ஐசி வழியாகத் திரும்பிப் பாயாமல் இவை காக்கும். அவுட்புட்டில் 100 மைக்ரோஃபாரட் போதும்.

எழுத்து நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்க, 317இன் கால்கள் இடமிருந்து அட்ஜஸ்ட், அவுட், இன். 7824 பழகியவர்கள் இன், கிரவுண்ட், அவுட் என்று கை போன போக்கில் சால்டர் செய்துவிடுவார்கள். 7824உம் வேலை செய்யும்தான், இரைச்சல் கொஞ்சம் அதிகம். இன்னொன்று, 317இன் உலோக முதுகு அவுட்புட்டோடு சேர்ந்தது. மைக்கா ஷீட், பிளாஸ்டிக் வாஷர் இல்லாமல் பெட்டியில் முடுக்கினால் ஷார்ட். 150 மில்லிஆம்பியரில் 9 வோல்ட்டைத் தின்றால் 1.35 வாட் சூடு, மெயின்ஸ் ஏறினால் 2.4 வரை. சின்ன ஹீட்சிங்க் வேண்டும், விசிறி வேண்டாம்.

பிரைமரியில் 315 மில்லிஆம்பியர் ஸ்லோ ப்ளோ ஃப்யூஸ். இரும்புப் பெட்டி என்றால் மெயின்ஸ் எர்த் நேராகப் பெட்டிக்கு, ஒரு தனி ஸ்குரூவில். இதில் பேரம் கிடையாது. 0 வோல்ட்டைப் பெட்டியோடு நேரடியாகச் சேர்த்து, பவர் ஆம்ப்பிலும் எர்த் இருந்தால் கிரவுண்ட் லூப் (இரண்டு எர்த் வழிகள் சேர்ந்த வளையம்) உருவாகும். நடுவில் 10 ஓம், 5 வாட் ரெசிஸ்டரும் அதற்கு இணையாக எதிரெதிர் திசையில் இரண்டு தடித்த டயோடுகளும் போட்டால் ஹம் அடங்கும், பாதுகாப்பும் போகாது. 4700 கெப்பாசிட்டரின் மைனஸ், டிரான்ஸ்ஃபார்மரின் நடு டேப் இரண்டும் ஒரே புள்ளியில் கூட வேண்டும், 2.2 கிலோ ஓமின் கீழ்முனையும் ப்ரீஆம்ப்புக்குப் போகும் 0 வோல்ட் ஒயரும் அதற்கு அடுத்த, அவுட்புட் பக்கப் புள்ளியிலிருந்து போகட்டும். சார்ஜ் ஆகும் கரண்ட் ஓடும் ஒயரில் ரெஃபரன்ஸைத் தொட்டால் எவ்வளவு நல்ல ஐசி போட்டாலும் 100 ஹெர்ட்ஸ் உள்ளே வந்துவிடும்.

ப்ரீஆம்ப்பைத் தொடும்முன் 220 ஓம், 10 வாட் ரெசிஸ்டரை லோடாக மாட்டி அரை மணி நேரம் ஓடவிடுங்கள். சுமார் 110 மில்லிஆம்பியர் ஓடும். டிசி 24க்கு அருகில் நிற்க வேண்டும். மீட்டரை ஏசி மில்லிவோல்ட்டுக்கு மாற்றினால் ஏறக்குறைய ஒன்றுமே காட்டக் கூடாது. பிறகு ப்ரீஆம்ப்பின் பிளஸ் ஒயரில் 47 ஓம், 10 வாட் ரெசிஸ்டரை வரிசையில் போட்டு ஆன் செய்யுங்கள். அதன் குறுக்கே 2.35 வோல்ட் இருந்தால் 50 மில்லிஆம்பியர். 24 வோல்ட்டில் பெரும்பகுதி அந்த ரெசிஸ்டரிலேயே விழுந்தால் உடனே ஆஃப் செய்யுங்கள், உள்ளே ஏதோ ஷார்ட், பெரும்பாலும் சப்ளை லைனில் இருக்கும் ஒரு டான்டலம். 35 வோல்ட் தாங்கும் புதியது போடுங்கள், 25 வோல்ட் போதும் என்று கடைக்காரர் சொன்னாலும்.

எல்லாம் சரியாக இருந்தும் ஹம் கேட்டால் அது எந்த ஹம் என்று காது கொடுங்கள். வால்யூமைக் குறைத்தாலும் குறையாதது வால்யூம் பொட்டுக்குப் பிறகு வருவது. தாழ்ந்த, மெத்தென்ற 50 ஹெர்ட்ஸ் என்றால் லூப், அல்லது டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம். பெட்டியை ஒரு மீட்டர் தள்ளிவைத்து, திருப்பிப் பாருங்கள். போனோவில் மட்டும் கேட்பது இயல்பு, ரெக்கார்டுக்காக போனோவில் பாஸைத் தூக்கும் ஆர்ஐஏஏ வளைவு 50 ஹெர்ட்ஸை 1 கிலோஹெர்ட்ஸைவிட 17 டெசிபல் தூக்கிக் கொடுக்கிறது. கொஞ்சம் கரகரப்பான 100 ஹெர்ட்ஸ் என்றால் ரெகுலேட்டருக்கு வோல்ட்டேஜ் போதவில்லை, அல்லது மேலே சொன்ன 0 வோல்ட் புள்ளி தப்பு.

ஒற்றை 24 வோல்ட்டில் ஓடும் சர்க்யூட் என்பதால் ஆன் செய்ததும் உள்ளே கெப்பாசிட்டர்கள் சார்ஜ் ஆகும்வரை அவுட்புட்டில் ஒரு தள்ளு வரும். ப்ரீஆம்ப்பை முதலில் ஆன் செய்து அரை நிமிடம் கழித்து பவர் ஆம்ப். ஆஃப் செய்யும்போது பவர் ஆம்ப் முதலில். டின் பிளக்கை சப்ளை ஓடும்போது பிடுங்காதீர்கள், ஸ்பீக்கர் கோன் முன்னால் குதிப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.