மாமரத்தில் ஒட்டியிருப்பதெல்லாம் புல்லுருவி இல்லை

மரத்தில் எது ஒட்டி வளர்ந்தாலும் புல்லுருவி என்று சொல்லி வெட்டுக்கத்தியோடு ஏறிவிடுவது நம்ம பக்கத்து வழக்கம். போன வாரம் சித்தப்பாவும் அதற்குத்தான் ஏணியை எடுத்தார். மாமரக் கவட்டையில் இருந்தது வாண்டா என்கிற ஆர்க்கிட் பூச்செடி, அதுவும் நம்ம நாட்டு இனமான வாண்டா டெசல்லேட்டா. "சித்தப்பா, இது மரத்திலிருந்து ஒரு சொட்டுகூடக் குடிக்காது" என்றேன். "பின்ன எதத் தின்னு வளருது?" என்கிறார். நியாயமான கேள்விதான்.

புல்லுருவி கிளைக்குள்ளேயே வேரை இறக்கி உறிஞ்சும். வாண்டா வேர் பட்டையைச் சும்மா பற்றிக்கொண்டிருக்கும், மீதி காற்றில் தொங்கும். காய்ந்த நேரத்தில் வேர் சாம்பல் வெள்ளையாக இருக்கும். கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சையாகிவிடும். வேரைச் சுற்றி வெலமன் என்று ஓர் உறை, எல்லாம் செத்த செல்கள், நீரைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும், நனைந்ததும் உள்ளே இருக்கிற பச்சையம் வெளியே தெரியும். மழைத்தண்ணீர், அதோடு பட்டையில் வழிந்து வருகிற தூசியும் மட்கும், இவ்வளவுதான் அதன் சாப்பாடு.

பூக்காதபோது பார்க்க ஒன்றுமில்லை, நுனியை யாரோ கடித்துத் துப்பியதுபோல இலை. பூத்தால் கதையே வேறு: மஞ்சளும் பழுப்புமாகக் கைலிக் கட்டம் போட்ட இதழ், நடுவில் நீலம் கலந்த ஊதா உதடு, நல்ல வாசனை.

இதை வெட்டி எறிந்துவிட்டு நர்சரியில் தாய்லாந்து கலப்பின வாண்டாவுக்குக் காசு கொடுப்பதுதான் எனக்குப் புரியவே இல்லை. சரி, வாங்குங்கள், ஆனால் மண்ணில் நடாதீர்கள், வேர் அழுகிவிடும். வெறும் கூடையில் தொங்கவிட்டால் போதும். எங்கள் குமரி மாவட்டத்தில் குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் ஈரக்காற்றே பாதி வேலையைப் பார்த்துவிடும். அகஸ்தீஸ்வரம் பக்கத்து வறண்ட காற்றில் வெயில் காலத்தில் தினமும் வேரை நனைக்க வேண்டும், தண்ணீரைச் சேர்த்து வைக்க வாண்டாவுக்குக் கிழங்கு மாதிரி எதுவும் கிடையாது.

அதற்காகக் காட்டில் போய்ப் பிடுங்கி வராதீர்கள். ஒரு காயில் தூள் தூளாக எக்கச்சக்க விதை இருக்கும், ஆனால் விதைக்குள் உணவு இல்லை, அதற்கு வாய்த்த பூஞ்சை வந்து சேர்ந்தால்தான் முளைக்கும், அப்புறமும் பூக்க வருஷக்கணக்காகும். 2017 ஒக்கிப் புயலில் சாய்ந்த மரங்களோடு எத்தனை வாண்டா அடுப்புக்குப் போனதோ! உங்கள் வீட்டு மரத்தை முறிக்கிறீர்கள் என்றால் செடியை வேர் அறாமல் பட்டையோடு பெயர்த்து, பக்கத்து மரத்தில் வெயில் பாதி விழுகிற கிளையாகப் பார்த்து, தென்மேற்குப் பருவமழை தொடங்கும் நேரத்தில் வாழைநாரால் கட்டிவிடுங்கள். புது வேர் பட்டையைப் பிடிக்கும் வரை ஆட்டிப் பார்க்க வேண்டாம்.