நீக்கிய நான்கு ரன்கள்

இரண்டு நிலையங்களின் கணினிகளை இணைத்து நடத்திய பதினொரு சிமுலேஷன் ரன்களில், அதாவது சோதனை ஓட்டங்களில், நான்கில் எங்கள் ஆளில்லா வேவு வண்டி எதிரணியின் கண்ணில் பட்டது. நான்கையும் கணக்கிலிருந்து எடுத்தவன் நான். எடுத்தது சரிதான் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் யாரும் கேட்காமலே அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் டெட் ரெக்கனிங் மேல்தான், அதாவது வண்டி இப்போது எங்கே இருக்கும் என்று கணினிகள் கணித்துக்கொள்ளும் முறை மேல்தான், சந்தேகம் வந்தது. சிமுலேஷன் கணினிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் டிஸ் (DIS) நெறிமுறையில் வண்டி தன் இருப்பை ஓயாமல் அறிவிப்பதில்லை. கணித்த இடத்திலிருந்து 1 மீட்டர் விலகினால் ஒரு தகவல் பாக்கெட், சும்மா நின்றால் 5 விநாடிக்கு ஒன்று. இடைப்பட்ட நேரத்தில் மற்ற கணினிகள் ஊகித்துக்கொள்ளும். பாக்கெட்டுகள் பதிவான லாகைப் பிரித்துப் பார்த்தேன், அதில் குறையில்லை. அப்புறம் எதிரணி உட்கார்ந்திருந்த நிலையத்தின் ஸ்கிரீன்ஷாட்டை வாங்கிப் பார்த்தால், வண்டி அந்தரத்தில் நிற்கிறது! சக்கரத்துக்கும் மண்ணுக்கும் நடுவே ஆள் குனிந்து போகலாம். எங்கள் கணினி நிலப்பரப்பில் 30 மீட்டருக்கு ஓர் உயரப் புள்ளி, அவர்களுடையதில் 90 மீட்டருக்கு ஒன்று. வண்டி பதுங்கியிருந்த மேடு அவர்கள் ஊரில் இல்லவே இல்லை.

இதை வண்டியின் தோல்வி என்று எப்படி எழுதுவது? நீக்கினேன்.

மறுநாள் கூட்டத்தில், டாங்கிப் படையிலிருந்து ஓய்வு பெற்று ஆலோசகராக வந்திருந்தவர் கேட்டார்: "களத்துல வண்டிக்குள்ள ஏத்தப்போற மேப் எது தம்பி?"

"இன்னும் முடிவாகல சார்."

"90 மீட்டரா இருந்தா?"

"கேமரா இருக்கு, லேசர் இருக்கு. கிட்டப் போனா அதுவே பார்த்துக்கும் சார்."

"சரி" என்றார். அந்தச் 'சரி'யைத்தான் இன்னும் அசைபோட்டுக்கொண்டிருக்கிறேன்.

நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் பதுங்கும் இடத்தை வண்டி தூரத்திலிருந்தே, மேப்பை வைத்துத்தான் தேர்ந்தெடுக்கிறது. மேப்பில் இருக்கும் மேடு மண்ணில் இல்லையென்றால் என்ன ஆகும் என்பதை அந்த நான்கு ரன்கள்தான் காட்டினவோ?

இல்லை, அதுவும் முழுக்கச் சரியில்லை. எங்கள் சோதனையில் விவரம் குறைந்த 90 மீட்டர் நிலப்பரப்பு எதிரணியிடம்தான் இருந்தது, வண்டியிடம் இல்லை. அவர் கேட்டது வேறு நிலைமை. இதை அங்கேயே சொல்லியிருக்கலாம், வாயில் வரவில்லை. வந்திருந்தாலும், "அப்போ மாத்திப் போட்டு ஓட்டிப் பாருங்க" என்றிருப்பார்.

ஓட்டவில்லை. இரண்டு நிலையங்களையும் இணைக்க இரண்டு நாள்தான் கொடுத்திருந்தார்கள். அதில் அரை நாள் இரு பக்கக் கடிகாரங்களையும் ஒத்துப்போக வைப்பதிலேயே போயிற்று.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஓர் அடிக்குறிப்பு இருக்கிறது: "நிலப்பரப்பு வேறுபாட்டால் 4 ரன்கள் சேர்க்கப்படவில்லை." எழுத்தளவு எட்டு.