தருமபுரிப் பிள்ளைகளின் இரத்தத்தில் டெங்குவின் ஆண்டுகளைக் கணக்கிட்ட அனுபவம்

டெங்கு ஒருமுறை வந்து போனால், அதற்கு எதிராக உடல் உருவாக்கும் ஐஜிஜி எதிர்ப்பான்கள் பல ஆண்டுகள் இரத்தத்தில் தங்கிவிடுகின்றன. காய்ச்சல் என்றே உணராமல் தொற்றைக் கடந்தவர்களுக்கும் இது பொருந்தும். டெங்குத் தொற்றுகளில் பெரும்பாலானவை அப்படித்தான் கடந்து போகின்றன. ஆகவே மருத்துவமனைப் பதிவேட்டை எண்ணுவதைக் காட்டிலும், நலமாக நடமாடுகிறவர்களின் இரத்தத்தைச் சோதிப்பதே ஓர் ஊரில் நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைத் தெளிவாகக் காட்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கிராமங்களில் நடந்த அத்தகைய ஓர் ஆய்வில் உயிரிப் புள்ளியியலாளராகப் பணிபுரிந்தேன். இரத்தம் எடுப்பதற்கு முன்பிருந்து அறிக்கை கொடுக்கும் வரை அந்தப் பணி எப்படி நகர்ந்தது என்பதை, இத்துறைக்கு வர நினைக்கும் கணித மாணவர்களுக்காக எழுதுகிறேன்.

நான் பாலக்கோட்டுப் பக்கத்துக்காரன். கணிதத்தில் இளங்கலை, புள்ளியியலில் முதுகலை, அதன்பின் ஆராய்ச்சி உதவியாளர் வேலை என்பதுதான் என் வழி; அதில் விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. வேலூர் சிஎம்சி மருத்துவக் கல்லூரியில் உயிரிப் புள்ளியியலுக்கென்றே துறை இருக்கிறது, சென்னையில் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் இருக்கிறது என்பதை எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் யாராவது சொல்லியிருந்தால் பலருக்கு நன்றாக இருந்திருக்கும். நோய்ப்பரவலின் கணிதம் நமக்கு அந்நியமானதும் அல்ல. கெர்மாக், மெக்கென்ட்ரிக் இருவரும் 1927இல் வெளியிட்ட புகழ்பெற்ற சமன்பாடுகளைப் பொருத்திப் பார்த்தது பம்பாயின் 1905-06ஆம் ஆண்டுப் பிளேக் மரணங்களோடுதான். மெக்கென்ட்ரிக் இமாச்சலத்தின் கசௌலியில் இருந்த பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றியவர்.

எங்கள் ஆய்வின் அடிப்படை எளிமையானது. ஆண்டுதோறும் தொற்றாதவர்களில் ஒரே விகிதத்தினருக்குத் தொற்று ஏற்படுகிறது என்று கொண்டால், வயது ஏற ஏற எதிர்ப்பான் உள்ளவர்களின் பங்கு ஒரு வளைவாக உயர வேண்டும். அந்த விகிதத்தைத் தொற்று விசை என்போம். கணக்குக்காக, பத்து வயதுப் பிள்ளைகளில் 40 விழுக்காட்டினருக்கு எதிர்ப்பான் இருப்பதாக வைத்துக்கொண்டால், தொற்று விசை ஆண்டுக்கு ஏறத்தாழ 5 விழுக்காடு. அதே விசை தொடர்ந்திருந்தால் இருபது வயதினரில் 64 விழுக்காட்டினருக்கு எதிர்ப்பான் இருக்க வேண்டும். இருபது வயதினரிடம் அதைவிடக் குறைவாக இருந்தால், நோய் அண்மைக்காலத்தில்தான் வேகமெடுத்திருக்கிறது என்று ஐயுறலாம். ஹ்யூகோ மியூன்ஷ் 1959இல் நூலாக எழுதிய முறை இது. இதன் பயன் ஏட்டோடு நிற்பதும் இல்லை. டெங்வாக்சியா தடுப்பூசி, முன்பு தொற்றே வராதவர்களுக்குப் பின்னாளில் கடும் டெங்குவின் அபாயத்தைக் கூட்டியது தெரியவந்த பிறகு, முன்தொற்றைச் சோதித்து அறிந்தே ஊசி போட வேண்டும் என்றும், அது இயலாத இடங்களில் 9 வயதுக்குள் 80 விழுக்காட்டினருக்காவது தொற்று வந்திருக்கும் பகுதிகளிலேயே அதைப் பரிசீலிக்கலாம் என்றும் 2018இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. எங்கள் வளைவு சொல்ல வேண்டிய செய்தி அந்த வகையானது.

இந்த முறையில் வயதே கடிகாரம். எங்கள் மாவட்டங்களில் அந்தக் கடிகாரம் பெரியவர்களிடம் இரண்டு விதமாகப் பழுதாகிறது. முதலாவது, வயதே உறுதியாகத் தெரிவதில்லை. முன்னோட்டத்தின்போது கிராம சுகாதாரச் செவிலியர், "ஆயா, உங்களுக்கு என்ன வயசு?" என்று கேட்டால், "கே.ஆர்.பி. டேம் கட்டும்போது நான் மண்ணு சொமந்தவ, நீயே கணக்குப் போட்டுக்கோ கண்ணு" என்று பதில் வரும். ஆதாரில் உள்ள வயதோ ஐந்திலும் பூஜ்யத்திலும் முடிவதாகவே குவிந்திருக்கும். இரண்டாவது இதைவிடப் பெரிய சிக்கல். பென்னாகரம், அரூர்ப் பக்கத்துக் கிராமங்களில் இருபதைத் தாண்டிய பலர் பெங்களூருவில் கட்டட வேலையிலோ திருப்பூரில் பனியன் கம்பெனியிலோ சில ஆண்டுகள் இருந்துவிட்டு வந்தவர்கள். அவர்களுடைய இரத்தத்தில் உள்ள எதிர்ப்பான் பென்னாகரத்துக் கொசு கொடுத்ததா, பெங்களூருக் கொசு கொடுத்ததா என்று எந்தச் சோதனையும் சொல்லாது. ஆகவே ஊரை விட்டு வெளியே தங்காத பள்ளிப் பிள்ளைகளை மட்டுமே சேர்க்கலாம் என்று வாதாடினேன். பெரியவர்களை விட்டால் ஆய்வின் பெருமை குறைந்துவிடும் என்று குழுவில் சிலர் தயங்கினார்கள். பொருள் தெரியாத ஆயிரம் குழாய்களைவிடப் பொருள் தெரிந்த சில நூறு குழாய்கள் மேல் என்பதே இன்றும் என் கருத்து.

பிள்ளைகள் என்று முடிவானதும் நெறிமுறைக் குழுவின் கேள்விகள் கூடின, கூடத்தான் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறைகளின்படி பெற்றோரின் ஒப்புதலோடு, 7 முதல் 12 வயது வரையிலான பிள்ளைகளின் வாய்மொழி இசைவும், அதற்கு மேல் 18 வரை எழுத்திலான இசைவும் வேண்டும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் படிவங்கள் தெலுங்கிலும் கன்னடத்திலும் தேவைப்பட்டன.

எத்தனை பேர் வேண்டும் என்ற கணக்கில் ஊரின் தண்ணீர்ப் பழக்கமும் நுழைந்தது. நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்த பகுதி இது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும் நாளில் டிரம், சிமெண்டுத் தொட்டி, குடம் என எல்லாவற்றிலும் பிடித்து வைப்பார்கள். ஏடிஸ் கொசு அந்தத் தெளிந்த நீரில்தான் முட்டையிடுகிறது, ஆகவே ஒரு வீட்டில் ஒருவருக்குத் தொற்றினால் மற்றவருக்கும் தொற்றும் வாய்ப்பு அதிகம். ஒரு தெருத்தொகுதியில் ஐந்து பேரை எடுத்து, அவர்களின் முடிவுகள் ஒன்றையொன்று எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதைச் சொல்லும் ஒற்றுமைக் கெழு 0.2 என்று வைத்தால், 900 சாம்பிள்கள் தனித்தனியாக எடுத்த 500க்கு மட்டுமே சமம். இதனால் வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று வைத்து, தெருக்களின் எண்ணிக்கையைக் கூட்டினோம். களப்பணியாளர்களுக்கு நடை கூடியது. என்மேல் அவர்களுக்கு வருத்தம் இருந்ததும் நியாயமே.

உண்மையான சிக்கல் ஆய்வகத்தில் காத்திருந்தது. எலைசா சோதனையில் 96 குழிகள் கொண்ட தட்டில் ஊனீரை (இரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை) இட்டால், நிறத்தின் அடர்த்தி ஓர் எண்ணாக வரும். கிட் தயாரிப்பாளர் கொடுத்த வரம்புக்கு மேலே இருந்தால் 'உண்டு', கீழே இருந்தால் 'இல்லை'. அந்த வரம்பு பெரும்பாலும் மருத்துவமனைக்கு வந்த நோயாளிகளை வைத்து நிர்ணயிக்கப்படுவது. அவர்களிடம் எதிர்ப்பான் பொங்கி நிற்கும். ஆறு ஆண்டுகளுக்கு முன் தொற்றிய பிள்ளையிடமோ அது தேய்ந்திருக்கும். மறுபுறம், ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் டெங்குவின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால், அதன் எதிர்ப்பானும் டெங்கு போலத் தோன்றக்கூடும். தவறு இரு பக்கமும் இருக்கிறது. 1978இல் ரோகன், கிளாடன் கொடுத்த திருத்தத்தைப் பயன்படுத்திப் பாருங்கள்: சோதனையின் உணர்திறனும் (தொற்றியவரை 'உண்டு' என்று காட்டுவது) குறித்தன்மையும் (தொற்றாதவரை 'இல்லை' என்று காட்டுவது) 90 விழுக்காடு என்றால், 30 விழுக்காடு என்று வந்த முடிவு 25 ஆகிறது, ஆனால் 15 என்று வந்தது 6 சொச்சமாகச் சரிந்துவிடுகிறது. சிறு பிள்ளைகளிடம்தான் விழுக்காடு குறைவு, வளைவின் தொடக்கத்தைத் தீர்மானிப்பவர்களும் அவர்களே. வரம்பில் நேரும் சிறு பிசகு தொற்று விசை முழுவதையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

எனவே 'உண்டு, இல்லை' என்று வெட்டுவதையே விட்டுவிட்டு, எண்களை மடக்கையாக்கி (லாக் எடுத்து) அப்படியே கணித மாதிரிக்குள் கொண்டுவந்தேன். அந்த எண்கள் தொற்றாதவர்களுக்கு ஒரு பரவலாகவும், ஒருமுறை தொற்றியவர்களுக்கு ஒன்றாகவும் இருக்கும்; வேறு வகை டெங்கு வைரஸால் இரண்டாம் முறை தொற்றி எதிர்ப்பான் மிக உயர்ந்தவர்களுக்கு ஒன்று என மூன்று குன்றுகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். ஒவ்வொரு பிள்ளையும் எந்தக் குன்றில் நிற்கிறது என்பதை நிகழ்தகவாகவே வைத்துக்கொண்டு, அந்த நிகழ்தகவை வயதோடும் தொற்று விசையோடும் பிணைத்தேன். தட்டுக்குத் தட்டு வரும் வேறுபாட்டுக்கும் தனி உறுப்பு சேர்த்தேன். ஸ்டான் என்ற புள்ளியியல் மொழியில் எழுதி, ஆர் என்ற மென்பொருள் வழியே ஓட்டியபோது, இரண்டாம் குன்றும் மூன்றாம் குன்றும் ஓட்டத்துக்கு ஓட்டம் இடம் மாறிக்கொண்டு முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவே இல்லை. குன்றுகளின் சராசரிகள் ஏறுவரிசையில்தான் இருக்க வேண்டும் என்று கட்டுப்படுத்தி, தொற்றாத கைக்குழந்தைகளின் சேமித்த ஊனீரைத் தனியே சோதித்து முதல் குன்றை நிலைநிறுத்திய பிறகே கணக்கு அடங்கியது. மென்பொருளைவிட அந்தக் கட்டுப்பாட்டு ஊனீரே அதிகம் உதவியது என்பேன்.

முடிவுகளை மாவட்ட அளவிலான கூட்டத்தில் வைத்தபோது முதலில் வந்த கேள்வி, "எந்த ஊரில் முதலில் மருந்து அடிக்க வேண்டும்?" என்பது. கடந்த பத்தாண்டுகளின் சராசரியைச் சொல்லும் மாதிரி அடுத்த மாதத்தைச் சொல்லாது என்று விளக்கினேன். எந்த வட்டாரத்தில் பிள்ளைகள் இளவயதிலேயே தொற்றுகிறார்கள், எங்கே இரண்டாம் தொற்றுக்கு ஆளாகக்கூடியவர்கள் மிகுதி, அங்கே எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் தட்டணுக் கண்காணிப்பை வலுப்படுத்தலாம் என்பனவற்றை, ஒற்றை எண்ணாக அல்லாமல், இந்த எண்ணுக்கும் இந்த எண்ணுக்கும் இடையில் என்ற எல்லைகளோடு கொடுத்தோம். எல்லைகள் அகலமாக இருப்பதைப் பார்த்துச் சிலர் முகம் சுளித்தார்கள். அதே பிள்ளைகளிடம் ஓராண்டு இடைவெளியில் இரண்டாம் முறை இரத்தம் எடுத்தால், யாருக்கு எதிர்ப்பான் ஏறியது, யாருக்குத் தேய்ந்தது என்பது நேரடியாகத் தெரிந்து அந்த அகலம் குறையும். அதற்கான விண்ணப்பம் இப்போது நெறிமுறைக் குழுவிடம் இருக்கிறது.